சிடிஆர்ஐ பதிவேடு: மருந்தியலோடு அறவியலும் கொள்கையும் படிப்பவருக்கு எவ்வளவு பயன்படும்?

எம்.ஃபார்ம், ஃபார்ம்.டி, எம்.டி பார்மகாலஜி, எது படித்தாலும் சரி, மனிதர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கிற தீசிஸ் என்றால் ஒரு நாள் மனித ஆய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ இணையதளத்தின் முன்னால் உட்கார்ந்தே ஆகவேண்டும். பலருக்கு அது ஒரு எண் வாங்குகிற இடம். பத்திரிகைக்கு அனுப்பும்போது கேட்பார்கள், கையில் இருக்கட்டும் என்ற அளவில்தான் அதைப் பார்க்கிறார்கள். மருந்தியலோடு மருத்துவ அறவியலையும் சுகாதாரக் கொள்கையையும் சேர்த்து எடுத்திருக்கும் ஆராய்ச்சி மாணவர் அப்படி அவசரமாகக் கடந்து போகக் கூடாது. மருந்தின் அளவு, ஆய்வு அறநெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல், பணம் கொடுத்தவர் பெயர் மூன்றும் ஒரே பக்கத்தில் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கிற இடம் இந்தியாவில் இது ஒன்றுதான்.

கிளினிக்கல் ட்ரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி - இந்தியா என்பது முழுப்பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கீழ் டெல்லியிலுள்ள தேசிய மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தில் 2007 ஜூலை 20 அன்று தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் ட்ரையல்களை, அதாவது மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளை, இங்கே பதிவது கட்டாயமானது. 2018 ஏப்ரல் 1 முதல் இன்னொரு கதவும் மூடப்பட்டது. முதல் நோயாளியைச் சேர்த்த பிறகு வந்து பதிவு கேட்டால் கிடைக்காது. 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரையல் விதிகளும் முதல் ஆளைச் சேர்க்கும் முன் இங்கே பதிந்தாக வேண்டும் என்று சொல்கின்றன. கட்டணம் ஒரு பைசா கிடையாது.

இப்படி ஒரு பதிவேடு எதற்கு என்று புரிய 2004-க்குப் போகவேண்டும். பாராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைக் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சாதகமில்லாத முடிவுகளை மறைத்ததாகக் குற்றம்சாட்டி மருந்து நிறுவனமான கிளாக்ஸோஸ்மித்க்ளைன் மீது நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, முன்கூட்டியே பதிவு செய்யாத ட்ரையலைப் பிரசுரிக்க மாட்டோம் என்று அறிவித்தது. ஆய்வு தொடங்கும் முன்பே எதை அளக்கப்போகிறோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டால், பிறகு வசதியில்லாத முடிவை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்ட முடியாது. ஒரு பதிவேட்டின் பலமே அவ்வளவுதான். அதை மனதில் வைத்துத்தான் சிடிஆர்ஐ-யின் ஒவ்வொரு கட்டத்தையும் எடைபோட வேண்டும்.

முதலில் பதிவு செய்கிறவரின் அனுபவம். கணக்குத் தொடங்கி, படிவத்தைப் பகுதி பகுதியாக நிரப்பிச் சேமித்துக்கொண்டே போகலாம். சமர்ப்பித்ததும் ஒரு குறிப்பு எண் வரும். பலர் அதையே பதிவு எண் என்று நினைத்து நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரிய தவறு. சிடிஆர்ஐ ஊழியர்கள் படித்துப் பார்த்து, கேள்வி எழுப்பி, திருத்தம் வாங்கிய பிறகுதான் சிடிஆர்ஐ என்று தொடங்கி ஆண்டு, மாதம், தொடர் எண் என வரும் உண்மையான எண் கிடைக்கும். அந்தப் பக்கத்தின் மேலேயே முன்கூட்டிப் பதிவானதா, பிந்திப் பதிவானதா என்றும் போட்டிருப்பார்கள். பழைய ட்ரையல்களைப் படிக்கும்போது கண் முதலில் போகவேண்டியது அந்த வரிக்குத்தான்.

திரும்பி வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலும் எளிய பொருத்தமின்மைகள்தான் இருக்கும். எத்திக்ஸ் கமிட்டி கடிதத்தில் ஒரு தலைப்பு, படிவத்தில் வேறு தலைப்பு. கடிதத்தில் 60 பேர், படிவத்தில் 80 பேர். கடிதத்தின் தேதிக்கு முந்தைய நாளில் சேர்க்கை தொடங்கும் என்று எழுதியிருப்பது. கமிட்டியின் பதிவு விவரம் இல்லாதது. இவற்றைத் தவிர்க்க ஒரே வழி, கமிட்டி ஒப்புதல் கொடுத்த புரோட்டோகாலின், அதாவது ஆய்வுத் திட்டத்தின், இறுதிப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுத்து ஒட்டுவது. நினைவிலிருந்து எழுதக் கூடாது. சேர்க்கை தொடங்கும் தேதியை நாலைந்து வாரமாவது தள்ளிப் போடுங்கள். கேள்வி வந்து பதில் போய் எண் வருவதற்குள் அந்தத் தேதி கடந்துவிட்டால் வீணான சிக்கல். எண் கிடைத்த பிறகு உண்மையான தேதியைப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, சின்னது போலத் தெரியும், சின்னதல்ல. தொடர்புக்கான பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அப்படியே வெளியே தெரியும். முதுகலை மாணவி தன் சொந்த செல்பேசி எண்ணைப் போட்டால் அது வருடக்கணக்கில் இணையத்தில் கிடக்கும். துறையின் எண்ணையும், மாணவர் படிப்பை முடித்துப் போன பின்னும் யாராவது திறந்து பார்க்கிற துறை மின்னஞ்சலையும் கொடுப்பது நல்லது.

படிவத்தில் அறிவியல் கனம் உள்ள இடம் பிரைமரி அவுட்கம், அதாவது ஆய்வு முதன்மையாக அளக்கப்போகும் விளைவு. ‘சர்க்கரை குறைதல்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். எந்தச் சர்க்கரை? வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பின்னா, கடந்த சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியா? எந்த முறையில் அளந்தது? எந்த வாரத்தில்? ‘எச்பிஏ1சி சதவீதத்தில் தொடக்கத்திலிருந்து 12-வது வாரம் வரை ஏற்பட்ட மாற்றம், எச்பிஎல்சி முறையில்’ என்று ஆய்வக முறையின் பெயரோடு எழுதினால் யாரும் பிறகு அதை நகர்த்த முடியாது. எழுதியவரும் நகர்த்த முடியாது, முக்கியமானது அதுதான். அறுவை சிகிச்சைக்குப் பின் வலியை 24 மணி நேரத்தில் அளப்பதாகப் பதிவு செய்துவிட்டு, கட்டுரையில் 6 மணி நேரத்து எண்ணை முன்னால் வைத்தால், படிப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கேட்க முடியும். ‘வலி குறைதல்’ என்று மட்டும் பதிந்திருந்தால் கேட்கவே முடியாது. மங்கலாக எழுதப்பட்ட அவுட்கம் பதிவு செய்யாத ட்ரையலுக்குச் சமம். அளவு, முறை, நேரம் மூன்றும் இல்லாத வரியை ஏற்கவே கூடாது என்பதில் சிடிஆர்ஐ இன்னும் கண்டிப்பாக இருக்கலாம்.

அடுத்து ஒதுக்கீட்டை மறைக்கும் முறை. ரேண்டமைசேஷன் என்பது யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கல் முறையில் பட்டியல் உருவாக்குவது. நோயாளியைச் சேர்க்கிறவருக்கு அது தெரியாமல் மறைப்பது வேறு வேலை, அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. மாணவர்களில் பலர் கண்ணை மூடிக்கொண்டு ‘வரிசை எண்ணிட்ட, ஒட்டிய, ஒளி புகாத உறைகள்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடையில் வாங்கிய மெல்லிய வெள்ளைக் கவரில் சீட்டு போடுகிறார்கள். அந்தக் கவரை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே ‘ஏ’ இருக்கிறதா ‘பி’ இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன ஆகும்? அடுத்த சீட்டு புது மருந்து என்று அறிந்த டாக்டர், நிலைமை மோசமாக இருக்கிற நோயாளியை நல்லெண்ணத்தோடேகூட அடுத்த ஆளாக நகர்த்துவார். இரண்டு குழுவும் சமமாக இருக்காது, முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தது என்றும் சொல்ல முடியாது. அந்த நோயாளிகள் எடுத்துக்கொண்ட ஆபத்து வீணாகிவிடும். சீட்டை அலுமினியத் தாளில் மடித்துப் பழுப்புக் கவரில் போடுங்கள். ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்து, நோயாளியின் பெயரைக் கவரின் மேல் எழுதிய பிறகே பிரிப்பது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மருந்தியலும் அறவியலும் தனித்தனித் தாள்கள் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் படிவத்தில் வேறில்லை.

ஆய்வின் வகையைக் கேட்கும் கட்டத்தையும் அலட்சியமாக விடக் கூடாது. இன்டர்வென்ஷனல் (ஆராய்ச்சியாளரே சிகிச்சை கொடுத்துப் பார்ப்பது), அப்சர்வேஷனல் (நடப்பதைக் கவனிப்பது மட்டும்), பிஎம்எஸ் (விற்பனைக்கு வந்த மருந்தைக் கண்காணிப்பது), பிஏ/பிஇ (மருந்து உடலில் சேரும் அளவை ஒப்பிடுவது) என்று தேர்வுகள் வரும். பெயர் மாறினால் பாதுகாப்பும் மாறுகிறது. 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்ட திட்டத்தை நடத்தியவர்கள் அதை ட்ரையல் என்று சொல்லவில்லை, செயல்விளக்கத் திட்டம் என்றார்கள். 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. ஏழு சிறுமிகளின் இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்பதே விசாரணையின் முடிவு. ஆனால் பெற்றோர் போட வேண்டிய ஒப்புதல் கையெழுத்தை விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் போட்டிருந்தது தெரியவந்தது. ட்ரையல் இல்லை என்று பெயர் வைத்து விதிகளைத் தாண்டியதை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72-வது அறிக்கையில் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா என்பது ஒரு கேள்வி, சிறுமிகளை எப்படிச் சேர்த்தார்கள் என்பது வேறு கேள்வி. மருந்து கொடுப்பதையோ தேர்ந்தெடுப்பதையோ ஆராய்ச்சியாளர் தீர்மானித்தால் அது அப்சர்வேஷனல் ஆகாது. தீசிஸ் எளிதாக முடியும் என்பதற்காக அந்த வகையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை கைடுகள்தான் முதலில் நிறுத்தவேண்டும்.

‘இது அகடமிக் ட்ரையல்தானே, நமக்கெல்லாம் எதற்கு’ என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தைப் புதிய நோய்க்கோ, புதிய அளவிலோ, புதிய வழியிலோ கல்விக்காகப் பார்க்கும்போது 2019 விதிகள் விலக்குத் தருவது மத்திய உரிம அதிகாரியின் அனுமதியிலிருந்து மட்டும். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டும். அதில் கிடைக்கும் முடிவை மருந்தின் விளம்பரத்துக்குப் பயன்படுத்தவும் முடியாது. சிடிஆர்ஐ படிவத்தில் முதுகலை தீசிஸா என்று தனியாகவே கேட்கிறார்கள், ஆக அவர்களும் உங்களை எதிர்பார்த்துத்தான் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நடக்கும் ட்ரையலுக்கு ஒரு சிறப்புத் தொல்லை உண்டு. படிவம் ஆங்கிலத்தில், ஒப்புதல் படிவம் தமிழில். மருந்து, ஒப்பீடு என்ற கட்டத்தில் பிளசீபோ என்று எழுதியவர்கள் தமிழில் ‘போலி மருந்து’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நம் ஊரில் போலி மருந்து என்றால் கள்ள மருந்து. அந்தத் தாளைப் படித்த அம்மா, ஆஸ்பத்திரியிலேயே கள்ள மருந்து கொடுப்பார்களா என்று எழுந்து போனால் தவறு அவர் மேல் இல்லை. ‘மருந்துப்பொருள் எதுவும் சேர்க்காத, பார்க்க அதே மாதிரி இருக்கும் மாத்திரை’ என்று விரித்து எழுதினால் போதும். ‘பரிசோதனை’ என்ற சொல்லும் அப்படித்தான், ரத்தப் பரிசோதனை என்றே காதில் விழும். குலுக்கல் முறையில் எந்த மருந்து வரும் என்று முடிவாகும், அதை டாக்டரும் தேர்ந்தெடுக்க மாட்டார் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். தமிழ்ப் படிவத்தை இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்து, சிடிஆர்ஐ பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சித்த மருத்துவ ட்ரையல்களும் இங்கேதான் பதிவாகின்றன. 2020-இல் கபசுரக் குடிநீர் பற்றிய ட்ரையல்களை இதே பதிவேட்டில்தான் பலரும் தேடிப் படித்தார்கள். அவற்றைப் பதிகிறவர்கள் மருந்தின் பெயரையும் ‘60 மி.லி. இருவேளை’ என்பதையும் மட்டும் எழுதினால் போதாது. எத்தனை கிராம் சூரணம், எவ்வளவு தண்ணீர், எந்த அளவுக்குச் சுண்டக் காய்ச்சுவது, எத்தனை நாள் என்பதும் வேண்டும். 5 கிராமை 240 மி.லி. நீரில் இட்டு 60 மி.லி.யாகக் காய்ச்சியதும், 120 மி.லி.யில் நிறுத்தியதும் ஒரே மருந்து ஆகாது. இன்னொருவர் அந்த ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்றால் இந்த விவரம் இல்லாமல் முடியாது.

இனி தேடுகிறவரின் பக்கம். கொள்கை ஆய்வு செய்யும் மாணவருக்கு இங்கே புதையல் இருக்கிறது, ஆனால் கையால்தான் தோண்டவேண்டும். ஒவ்வொரு ட்ரையலும் தனிப் பக்கமாக, தனி பிடிஎஃப்பாகக் கிடைக்கும். மொத்தமாக எடுத்து எக்செல்லில் போட வசதியில்லை. அதனால் பலர் பல நாட்டுப் பதிவேடுகளின் தரவைத் திரட்டும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடிஆர்பி தளத்துக்குப் போய், அங்கே வந்து சேரும் சிடிஆர்ஐ தரவை இறக்கிக்கொள்கிறார்கள். அதுவே சரியான வழியும்கூட. ஆனால் அங்கே எல்லாக் கட்டங்களும் வராது. எத்திக்ஸ் கமிட்டி அட்டவணை வேண்டுமென்றால் சிடிஆர்ஐ பக்கத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். தேடும்போது எழுத்துப்பிழைகளையும் சேர்த்துத் தேடுங்கள். மருந்தின் பெயரைப் பதிந்தவர் எப்படித் தட்டினாரோ அப்படித்தான் இருக்கும். ஒரே ஊர், ஒரே கல்லூரி நாலைந்து விதமான எழுத்துக் கூட்டில் கிடக்கும்.

அந்தக் கமிட்டி அட்டவணையை மட்டும் வைத்தே ஒரு நல்ல கொள்கை ஆய்வு செய்யலாம். ட்ரையல் நடக்கும் இடத்துக்குச் சொந்தக் கமிட்டி இல்லையென்றால், அதே நகரத்திலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ உள்ள வேறொரு கமிட்டியின் ஒப்புதலில் நடத்தலாம் என்பது விதி. ஒவ்வொரு இடத்தின் முகவரியையும் ஒப்புதல் தந்த கமிட்டியின் முகவரியையும் பக்கத்தில் வைத்துத் தூரம் பாருங்கள். கமிட்டியின் கண்காணிப்பு எங்கே மெலிகிறது என்று வரைபடமே காட்டிவிடும். ஒப்புதல் பெற்றதா, பரிசீலனையில் இருக்கிறதா என்றும் அதே அட்டவணையில் இருக்கும். பல மையங்களில் நடக்கும் ட்ரையலில் சில மையங்கள் ஆண்டுக்கணக்கில் பரிசீலனையிலேயே நின்றால், அங்கே யாரும் சேர்க்கப்படவில்லையா, அல்லது யாரும் புதுப்பிக்கவில்லையா என்று கேட்டாகவேண்டும்.

கிடைக்காதவற்றில் மனதை உறுத்துவது ஒன்று. ட்ரையலில் நேர்ந்த கடும் பாதிப்புகள், அதற்குக் கொடுத்த இழப்பீடு, இவற்றுக்குப் படிவத்தில் இடமே இல்லை. ட்ரையலால் ஒருவர் இறந்தால் கொடுக்கவேண்டிய இழப்பீட்டுக்கான சூத்திரம் விதிகளில் பகிரங்கமாக இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம், அதை வயதுக்கான எண்ணாலும் ஆபத்து நிலைக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்கவேண்டும். 65 வயது ஆனவருக்கு வயது எண் அதே 99.37. அவர் ஆரோக்கியமான தன்னார்வலர் என்றால் ஆபத்து எண் 4, குடும்பத்துக்கு 32 லட்சம். அதே வயதில் ஆறு மாதத்துக்கு மேல் உயிர் தங்காது என்ற நிலையில் சேர்ந்த நோயாளி என்றால் எண் 0.5, கிடைப்பது 4 லட்சம். இந்த வித்தியாசம் நியாயமா என்பதே ஒரு முழு அறவியல் தீசிஸ். ஆனால் நடந்த ட்ரையல்களில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று இந்தப் பதிவேட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆளின் பெயரோ அடையாளமோ வேண்டாம், ஒரு ட்ரையலில் எத்தனை பாதிப்பு, எத்தனை இழப்பீடு என்ற இரண்டு எண்கள் சேர்த்தால் போதும். சேர்க்கவேண்டும்.

முடிவுகளின் விஷயத்திலும் இதே குறைதான். அமெரிக்காவின் கிளினிக்கல்ட்ரையல்ஸ்.காவ் தளத்தில் முடிவுகளை அட்டவணையாகவே ஏற்ற இடம் உண்டு. 2007 சட்டம் அதற்கு உட்பட்ட ட்ரையல்களுக்கு முதன்மை அளவீடு முடிந்து ஓராண்டு என்று கெடுவும் வைத்திருக்கிறது. சிடிஆர்ஐ-யில் வெளியீட்டு விவரம் என்ற கட்டத்தை நிரப்பினால்தான் உண்டு. பெரும்பாலும் அது காலியாக இருக்கும்.

பதிவு செய்கிறவருக்கு 5-க்கு 4 கொடுக்கலாம். இலவசம், கேள்விகள் பெரும்பாலும் நியாயமானவை, ஒரு முதுகலை மாணவரின் புரோட்டோகாலை ஒழுங்காகச் சிந்திக்க வைக்கிறது. தேடுகிறவருக்கு 2.5-க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. அந்தக் குறையில் பாதி தளத்தின் மேல், மீதி பதிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத நம் மேல்.

எண் வாங்கிய நாளிலேயே நாட்காட்டியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று உள்ளே போய்ச் சேர்க்கை நிலையை மாற்றவேண்டும்: தொடங்கவில்லை, நடக்கிறது, மூடியாயிற்று, முடிந்தது, இடையில் நிறுத்தப்பட்டது, எதுவோ அது. பாதியில் நின்ற தீசிஸுக்கும் பதிவு உண்டு, அதை ‘நடக்கிறது’ என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. தீசிஸ் பைண்டிங்குக்குப் போகிற வாரத்தில் உண்மையான தேதிகளையும், கட்டுரை வந்திருந்தால் அதன் விவரத்தையும் ஏற்றிவிடுங்கள். கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு கவரில் போட்டு கைடின் கையில் கொடுத்துவிட்டு ஹாஸ்டலைக் காலி செய்யுங்கள்.